தண்ணீர் போத்தல் நிறைந்தபடியே திரும்பி வருகிறது: பள்ளி முடிந்து பிள்ளையை விடும் இடம் பற்றி

கெலுகோர்_அம்மா

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு எட்டு வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஒரு மணிக்குப் பள்ளி விட்டதும் வேன் ஏற்றிக்கொண்டு போய் ஒரு இரட்டை மாடி வரிசை வீட்டில் இறக்கிவிடும். அங்கே குளிப்பு, சாப்பாடு, பள்ளிப் பாடம், அபாக்கஸ், ஓவியம், வாரத்தில் இரண்டு நாள் சிலம்பம், ஒரு நாள் நடனம். மாதம் 360 வெள்ளி (ரிங்கிட்), வேன் கட்டணம் தனி. எனக்கு பினாங்கு பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை, காலை ஏழு முதல் மாலை ஏழு வரை ஷிப்ட். வீட்டுக்காரர் பட்டர்வொர்த் பக்கம் லோரி ஓட்டுகிறார், பாலத்தில் ஜாம் பிடித்துவிட்டால் அவர் வந்து சேர எட்டாகிவிடும். அதனால் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பாதி அந்த வீட்டில்தான் கழிகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று காய்ச்சல், ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாள். கிளினிக்குக் கொண்டுபோனேன், சிறுநீரில் கிருமித் தொற்று. மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு டாக்டர், "மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும் பிள்ளை எத்தனை தடவை பாத்ரூம் போகிறாள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெற்ற தாய்க்குத் தெரியவில்லை. தண்ணீர் குடிக்கிறாளா என்றார். அப்போதுதான் போத்தல் ஞாபகம் வந்தது. இரண்டு மாதமாக அவள் போத்தல் முக்கால்வாசி நிறைந்தபடியே வீட்டுக்கு வருகிறது. நானும் தினமும் திட்டிக்கொண்டே சிங்கில் ஊற்றிக் கழுவி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மடியில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டேன். கீழே உள்ள பாத்ரூமில் நாற்காலி, அட்டைப்பெட்டி எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்களாம், பெரியவர்கள் மட்டும் போவார்களாம். மேல்மாடிப் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உடைந்து ரொம்ப நாளாகிறது. பல்பும் எரியவில்லை. இவள் உள்ளே போனால் பெரிய பையன்கள் கதவைத் தள்ளிவிட்டு ஓடுகிறார்களாம். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகவேண்டி வரும் என்று குடிக்காமலே இருந்திருக்கிறாள். இந்த வெயிலில், சிலம்பமும் சுற்றிக்கொண்டு, ஒரு மணியிலிருந்து ஏழரை வரைக்கும்.

தினமும் வாட்சாப் குழுவில் பத்துப் படம் போடுகிறார்கள். ஒவ்வொரு படத்திலும் இவள் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அதைப் பார்த்துத்தான் நான் அங்கே மெஷின் பக்கத்தில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தேன்.

என் கேள்வி: இதை நான் பெரிதாக்குகிறேனா? பேசிப் பார்ப்பதா, உடனே வேறு இடம் தேடுவதா? நல்ல கவனிப்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி

நீங்கள் பெரிதாக்கவே இல்லை சகோதரி. பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள்?

நான் கோலாலம்பூர். என் மகனைப் போன வருடம் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் விட்டிருந்தோம். கால அட்டவணையைப் பார்த்துத்தான் மயங்கினேன், ரோபோட்டிக்ஸ் வரைக்கும் இருந்தது. ஒரு நாள் மழையால் வேலை சீக்கிரம் முடிந்து மூன்று மணிக்கே போய் நின்றேன். கிரில்லில் பெரிய பூட்டு. மகன் உள்ளேயிருந்து கம்பி வழியாக என்னோடு பேசுகிறான். பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டிகள் இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள், இரண்டு பேரிடமும் சாவி இல்லை. சாவி முதலாளியம்மாவின் கைப்பையில், அவர் பேங்குக்குப் போயிருக்கிறார். நாற்பது நிமிடம் படிக்கட்டில் நின்றேன். அந்த நாற்பது நிமிடத்தில் அடுப்படியில் ஏதாவது பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. சாவியை வாசல் பக்கம் ஆணியில் மாட்டுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். மாட்டவில்லை. மாதக் கடைசியில் எடுத்துவிட்டேன்.

ஆயர்ஈத்தாம்_77

கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா, மறுபக்கத்தையும் யாராவது சொல்லவேண்டும். 360 வெள்ளியை 22 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குப் பதினாறு வெள்ளி சொச்சம். ஆறு மணி நேரத்துக்கு மேல், மத்தியானச் சாப்பாடு, நாலு மணிக்கு மைலோ பிஸ்கட் எல்லாம் சேர்த்து. மணிக்கு மூன்று வெள்ளிகூட வரவில்லை. காடி நிறுத்துகிற இடத்திலேயே சில இடங்களில் அதற்கு மேல் வாங்குகிறார்கள்.

என் அண்ணி இப்படி ஒரு இடம் நடத்துகிறார். ஏழு மணிக்கு எடுக்கவேண்டிய பிள்ளையை எட்டரைக்கு வந்து எடுப்பார்கள், ஒரு மன்னிப்புகூடக் கேட்கமாட்டார்கள். மூன்று மாதம் பணம் கட்டாமல் திடீரென்று நின்றுவிடுவார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தாழ்ப்பாள் உடையத்தான் செய்யும். முதலில் போய்ச் சொல்லிப் பாருங்கள், ஒருவேளை அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

பழைய_ஆன்ட்டி

இரண்டு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லாதது நடத்துகிறவருக்குத் தெரியாதென்றால் அதுதான் இன்னும் மோசம் தம்பி.

நான் பிறை ஊரில் இப்படிப்பட்ட இடங்களில் நான்கு வருடம் வேலை செய்தவள். இப்போது முழங்கால் வலியால் விட்டுவிட்டேன். உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், யாரையும் குறை சொல்வதற்காக இல்லை, நானும் அதில் ஒரு ஆள்தான்.

கடைசியாக இருந்த இடத்தில் முப்பத்தொரு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள மூன்று பேர் என்று பெற்றோரிடம் சொல்வோம். பொய் இல்லை, மூன்று பேர்தான். ஆனால் ஒருவர் பதினொரு மணியிலிருந்து அடுப்படியில். இன்னொருவர் வேனில் கூடப் போவார், மூன்று பள்ளிக்கும் சுற்றி வர மணி இரண்டே கால். அதுவரைக்கும் ஹாலில் நான் ஒருத்தி. வேன் ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை இறக்கும். பசி, வியர்வை, பள்ளியில் யாரோடோ போட்ட சண்டை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இறங்குவார்கள். உடுப்பு மாற்றவேண்டும், குளிக்கவேண்டும், ஒருத்தன் காலணியை இன்னொருத்தன் ஒளித்து வைத்திருப்பான். விழுவது, கடிப்பது, அழுவது, உடுப்பிலேயே போய்விடுவது எல்லாம் ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் நடுவில்தான். மூன்று மணிக்கு நடன மாஸ்டரும் அபாக்கஸ் டீச்சரும் வருவார்கள், பிள்ளைகள் தலைவாரிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், அப்போதுதான் படம் எடுப்போம்.

அதனால் ஒரு இடத்தைப் பார்க்கவேண்டுமென்றால் நாலு மணிக்குப் போகாதீர்கள். ஒன்றே முக்காலுக்குப் போய் வாசலில் நில்லுங்கள். சோறு எந்த நேரத்தில் பிள்ளையின் தட்டுக்கு வருகிறது என்று பாருங்கள். பாத்ரூமுக்கு நீங்களே போய்வாருங்கள், தரை, பல்பு, தாழ்ப்பாள், வாளி, சோப்பு எல்லாம் தெரிந்துவிடும். அங்கே இருக்கும் ஆன்ட்டியிடம் உங்கள் பிள்ளைக்கு என்ன குழம்பு பிடிக்காது என்று கேளுங்கள். தெரிந்தால் முகத்திலேயே தெரியும்.

இன்னொன்று, இதை எழுதும்போது எனக்கே மனசு கனக்கிறது. சத்தம் போடுகிற பிள்ளையை நாங்கள் பார்த்துவிடுவோம். பெயரைச் சொல்லி அதட்டவாவது செய்வோம். ஒரு மூலையில் உட்கார்ந்து எதுவும் கேட்காத பிள்ளையை "தங்கமான பிள்ளை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அது தண்ணீர் குடித்ததா, பாத்ரூம் போனதா என்று யாருக்கும் நினைவு வராது. உங்கள் மகள் அப்படிப்பட்ட பிள்ளையாக இருக்கும் என்று நினைக்கிறேன் தங்கச்சி.

கெலுகோர்_அம்மா

ஆமாம் அக்கா. அப்படியேதான். எப்போது போனாலும் "உங்க பொண்ணு இருக்கிற இடமே தெரியாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் பெருமைப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

செந்தூல் அண்ணா, காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்து முழுவதும் முடிக்கச் சொன்னார்கள், முடித்தாகிவிட்டது.

மழைச்சாரல்

நாங்கள் பாயான் பாரு. ஐந்து இடம் ஏறி இறங்கினோம். சுவரில் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் போதும் என்று நினைத்தோம். அது என்ன சான்றிதழ் என்று பார்க்கத் தோன்றவில்லை. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது?

ஸ்தாப்பாக்_மையம்

நான் ஸ்தாப்பாக்கில் ஒரு மையம் நடத்துகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ, ஒரு நாளைக்குத் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், பகலில் வைத்துப் பார்த்துக்கொண்டால் அது 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் வரும் பகல்நேரப் பராமரிப்பு மையம். அதைச் சமூகநல இலாகாவில் பதியவேண்டும். நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை வைத்திருக்கும் தாஸ்காவுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, அதில் எத்தனை குழந்தைக்கு ஒருவர் என்ற கணக்கு உண்டு, மூன்று முதல் நான்கு வயதுக்குப் பத்துக்கு ஒருவர். பள்ளிப் பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள்.

மழைச்சாரல், நீங்கள் சுவரில் பார்த்தது பல இடங்களில் எஸ்.எஸ்.எம். (நிறுவனப் பதிவு ஆணையம்) சான்றிதழாக இருக்கும். அது வியாபாரத்தைப் பதிந்ததற்கு மட்டும், முடிவெட்டும் கடைக்கும் அதே சான்றிதழ்தான். டியூஷன் மையமென்றால் கல்வி இலாகாவின் பதிவு. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கான பதிவு வேறு. அதற்கு பொம்பா (தீயணைப்பு இலாகா) வந்து தீயணைப்புக் கருவி, வெளியேறும் வழி பார்ப்பார்கள், சுகாதார இலாகா சமையலறை, கழிவறை பார்க்கும், மாநகர் மன்றத்தின் அனுமதியும் வேண்டும். கேட்டால் காட்டுவார்கள். கேட்டதும் முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

சகோதரர் ஆயர்ஈத்தாம் சொன்ன கணக்கை நான் ஒத்துக்கொள்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. வாடகை, அரிசி, கோழி, தண்ணீர், மின்சாரம் எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். பெற்றோர் நேரத்துக்கு வராத வேதனையும் எனக்குத் தெரியும். ஆனால் தாழ்ப்பாள் பத்து வெள்ளிக்குக் கிடைக்கும், பல்பு அதைவிட மலிவு. அதற்குக் கட்டணத்தைக் காரணம் காட்ட முடியாது.

பழைய ஆன்ட்டி சொன்ன ஒன்றே முக்கால் மணிப் பிரச்சினை எனக்கும் இருந்தது. ஒரு பிள்ளை மாடிப்படியில் விழுந்து பல் உடைந்த பிறகுதான் விழித்தேன். கீபோர்ட் வகுப்பை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் ஒரு மணியிலிருந்து மூன்று வரை மட்டும் வரும் ஒரு அம்மாவைச் சேர்த்தேன். அட்டவணையில் ஒரு வகுப்பு குறைந்துவிட்டது என்று இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அது வலித்தது. பெற்றோர் வகுப்பை எண்ணுகிறார்கள், ஆளை எண்ணுவதில்லை. அதனால் நடத்துகிறவர்களும் வகுப்பைத்தான் சேர்க்கிறார்கள்.

ஓய்வு_ஆசிரியை

மகளே, எல்லோரும் சொன்னது நல்ல விஷயம். ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. தாழ்ப்பாள் உடைந்தது கவனக்குறைவு. எட்டு வயதுப் பெண்பிள்ளை உள்ளே இருக்கும்போது பையன்கள் கதவைத் தள்ளுவதை அதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள், அதைத் தனியாகக் கேட்கவேண்டும். பயமுறுத்தாமல், போலீஸ் விசாரணை மாதிரி இல்லாமல், தலை பின்னிவிடும்போதோ காடியில் போகும்போதோ பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். யார் தள்ளினார்கள், என்ன செய்தார்கள், வேறு யாருக்கும் அப்படி நடந்ததா, பெரியவர்கள் யாராவது இருந்தார்களா. எது சொன்னாலும் "நீ ஏன் முன்னாடியே சொல்லலை" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியால் வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

விளையாட்டுக்கு மேல் ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால் மையத்தோடு பேசி முடித்துக்கொள்ளவேண்டாம். தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தில் 29ஆம் பிரிவு, பிள்ளை துன்புறுத்தப்படுகிறது அல்லது கவனிப்பாரற்று இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் பார்த்துக்கொள்கிறவரே அதைத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. மூடிமறைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

ஆயர்ஈத்தாம்_77

டீச்சர் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கும் ஆறு வயதில் மகள் இருக்கிறாள். அக்கா, நான் முதலில் எழுதியது அவசரம். இன்றைக்கே அண்ணி வீட்டு மையத்துக்குப் போய் மேல்மாடிக் கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கெலுகோர்_அம்மா

டீச்சர், கேட்டேன். நேற்று இரவு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டேன். ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் இரண்டு பேர், கதவைத் தள்ளிவிட்டுக் கத்திக்கொண்டு ஓடுவார்கள், அவ்வளவுதான். இன்னொரு பெண்ணுக்கும் அப்படிச் செய்திருக்கிறார்கள், அவள் பள்ளியிலேயே போய்விட்டு வந்துவிடுவாளாம், பிறகு வீட்டில்தானாம். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். ஒன்றே முக்காலுக்கு அங்கே இருப்பேன்.

கெலுகோர்_அம்மா

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நிறைய பேர் தனியாகக் கேட்டீர்கள்.

புதன்கிழமை போனேன். பழைய ஆன்ட்டி சொன்னது அப்படியே. ஹாலில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, பதினேழு பிள்ளைகள், நான் எண்ணினேன். அந்தப் பெண் ஒரு பையனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே இன்னொரு பிள்ளையைக் காலால் தடுத்து நிறுத்துகிறாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் மகள் சன்னலோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து முதலில் கேட்டது, "அம்மா, பாத்ரூம் போகணும், கூட வர்றீங்களா?"

நடத்துகிற அக்காவிடம் தனியாகப் பேசினேன். முதலில் "பிள்ளைகள் ஒன்றும் சொல்லலையே" என்றார். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டினேன். அமைதியாகிவிட்டார். மறுநாளே தாழ்ப்பாள், பல்பு இரண்டும் போட்டாயிற்று. கீழ்ப் பாத்ரூமைக் காலிசெய்து பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டார். அந்தப் பையன்களின் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். இரண்டு மணி, மூன்றரை, ஐந்து மணிக்கு எல்லோரும் போத்தலை எடுத்துத் தண்ணீர் குடிக்கவேண்டும். சமூகநல இலாகாப் பதிவையும் கேட்டேன், இருக்கிறது, காலாவதியாகவில்லை, அலுவலக மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஆள் விஷயத்தில்தான் கையை விரித்துவிட்டார். இன்னொருவரை வைக்கக் கட்டாது என்றார். ஸ்தாப்பாக் அண்ணன் செய்ததை நினைத்துக்கொண்டு, ஒரு மணியிலிருந்து மூன்று வரைக்கும் மட்டும் ஒருவர் போதுமே, பெற்றோர் ஆளுக்கு இருபது வெள்ளி சேர்த்துக் கொடுத்தால் என்று கேட்டேன். கேட்டுப் பாருங்கள் என்றார். குழுவில் எழுதினேன். இருபத்தாறு குடும்பத்தில் பத்தொன்பது பேர் சரி என்றார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே கட்டுவதே கஷ்டம் என்று தனியாகச் சொன்னார்கள், அது நியாயம். மற்றவர்கள் பதிலே போடவில்லை. 380 வெள்ளி வந்தது, மீதியை அவர் போட்டுக்கொள்கிறார். பின் தெருவில் இருக்கும் ஒரு அம்மா, பேரப்பிள்ளைகளை வளர்த்தவர், வரச் சம்மதித்திருக்கிறார். அவர் பெயரைச் சமூகநல இலாகாவில் சரிபார்த்துவிட்டுத்தான் வேலைக்கு எடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், மனு போட்டுவிட்டதாக அக்கா சொன்னார்.

மகளை இப்போதைக்கு அங்கேயே விட்டிருக்கிறேன். நேற்று போத்தலில் கால்வாசிதான் மிச்சம். இன்றைக்குப் பாதி. பள்ளித் தவணை விடுமுறை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் மறுபடி ஆள் குறைந்தால் எடுத்துவிடுவேன்.

பழைய_ஆன்ட்டி

நல்லது செய்தாய் தங்கச்சி. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணிடமும் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசு. அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் தனியாக நின்றேன், ஒரு பெற்றோராவது "சாப்பிட்டியாம்மா" என்று கேட்கமாட்டார்களா என்று இருக்கும்.

செந்தூல்வாசி

சகோதரி, கிரில் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா?

கெலுகோர்_அம்மா

இன்றைக்கு எடுக்கப் போனபோது பார்த்தேன் அண்ணா. முன்வாசல் சாவி கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது, பெரியவர்களுக்கு எட்டும் உயரம். பின்கட்டுக் கிரில்லுக்கும் ஒரு பூட்டு இருக்கிறது. அதன் சாவி யாரிடம் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பூட்டையே மாற்றிவிடுகிறேன் என்றார் அக்கா. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.